பேடல் நிர்வாகிகளுக்கு: பொது நேரத்தைத் திருப்பித் தாருங்கள்

உலகெங்கும் பேடல் விளையாட்டை நிர்வகிக்கும் கூட்டமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், பேடல் ஆடுகளங்களை நடத்தும் மன்றங்களின் உரிமையாளர்களுக்கும்,

கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த சிறு களத்தில், டென்னிஸைப் போல மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் பேடலை நான் விளையாடிவரும் மன்றம் அண்மையில் ஒரு முடிவை அறிவித்தது. முன்பதிவும் இணை ஆட்டக்காரரும் இல்லாமல் வருகிறவர்களுக்கென்று வாரத்தில் சில மாலைகளில் ஓர் ஆடுகளத்தை ஒதுக்கி நடத்திவந்த பொது நேரம் நிறுத்தப்படுகிறது. வார இறுதிக் காலையில் சிறுவர்களுக்கு நடந்துவந்த பயிற்சி வேலைநாள் பிற்பகலுக்கு மாற்றப்படுகிறது. இனி எல்லா மாலை நேரங்களும் செயலி வழியாக மட்டுமே, நான்கு பேரின் கட்டணமும் முன்கூட்டியே செலுத்தப்பட்ட பிறகே உறுதிசெய்யப்படும் என்பதே அந்த முடிவு. வேலைநாள் பிற்பகலில் சிறுவர்கள் பள்ளியில் இருப்பார்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, உறுப்பினர்கள் பலர் கையொப்பமிட்ட மனுவை மன்றத்துக்கு அளித்தோம். அதன் நகலை எங்கள் பகுதியில் இவ்விளையாட்டை மேற்பார்வையிடும் அமைப்புக்கும் அனுப்பினோம். மன்றம் பதில் எழுதவில்லை. மேற்பார்வை அமைப்பிடமிருந்து நீண்ட பதில் ஒன்று வந்தது. கடந்த சில ஆண்டுகளில் எத்தனை ஆடுகளங்கள் புதிதாக எழுந்திருக்கின்றன, இன்னும் எத்தனை வரவிருக்கின்றன, உலகில் மிக வேகமாக வளர்ந்துவரும் விளையாட்டுகளுள் ஒன்றாகப் பேடல் எப்படி மதிக்கப்படுகிறது என்பதெல்லாம் அதில் விரிவாக இருந்தன. நாங்கள் கேட்ட பொது நேரத்தைப் பற்றியோ, சிறுவர்களின் பயிற்சியைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை.

அந்தப் பதிலைப் படித்த பிறகுதான், இது ஒரு மன்றத்தோடு முடியும் சிக்கல் இல்லை என்று எனக்குப் பட்டது. வேறு ஊர்களிலும் வேறு நாடுகளிலும் பேடல் ஆடும் நண்பர்களிடம் விசாரித்தபோது, சிறுசிறு வேறுபாடுகளோடு இதே கதையைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஆகவே இந்த மடலை உங்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதுகிறேன். விளையாட்டின் வளர்ச்சியை ஆடுகளங்களின் எண்ணிக்கையால் மட்டும் நீங்கள் அளந்துவருகிறீர்கள். அந்த அளவுகோல் தவறானது என்பதும், அதன் விளைவாகப் பேடலைப் பேடலாக்கிய பண்பே கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுமே என் முறையீடு.

இந்த விளையாட்டு ஏன் பரவியது என்பதை முதலில் பேசியாக வேண்டும், ஏனெனில் அதற்கான காரணம் ஆடுகளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1969ஆம் ஆண்டு மெக்சிகோவின் அகபுல்கோவில் தம் வீட்டு வளாகத்தில் என்ரிக்கே கோர்குவேரா சுவர்களால் சூழப்பட்ட சிறிய களம் ஒன்றை அமைத்தார். முழு டென்னிஸ் களத்துக்கு இடம் போதாத நிலையில், சுவரையே ஆட்டத்தின் பகுதியாக்கினார். 1974இல் அவருடைய நண்பர் அல்ஃபோன்சோ தே ஹோஹென்லோஹே அதை ஸ்பெயினின் மார்பெல்லாவுக்குக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு அது அர்ஜென்டினாவை அடைந்தது. செல்வர்களின் விடுமுறை இல்லங்களில் தொடங்கிய ஒரு பொழுதுபோக்கு, அந்த இரு நாடுகளிலும் சாதாரண மக்களின் விளையாட்டாக மாறியதற்கு விளம்பரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பெட்டிக்குள் நுழைகிற எவரும், மட்டையையே அதுவரை தொட்டிராதவர்கூட, முதல் நாளிலேயே பந்தை வலைக்கு மேலாகத் திருப்பி அனுப்பி மகிழ முடிந்தது என்பதே காரணம்.

விதிகளைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். டென்னிஸில் புதியவரை முதலில் விரட்டுவது, ஆட்டத்தைத் தொடங்கும் அடியான சர்வ். தலைக்கு மேலிருந்து வரும் அந்த அடியைக் கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். பேடலில் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி, இடுப்பு மட்டத்துக்கு மேற்படாமல் அடிக்க வேண்டும் என்பதால், சர்வ் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் செயலாக அடங்கிநிற்கிறது. பந்தின் உள்ளழுத்தம் டென்னிஸ் பந்தைவிடக் குறைவு. மட்டைக்கு நரம்புகள் கிடையாது, 45.5 சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் கிடையாது. எனவே பந்து கைக்கு அருகிலேயே படுகிறது, பிழை குறைகிறது. வலை நடுவில் 88 சென்டிமீட்டர் உயரம்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மைக் கடந்துபோன பந்து தரையில் பட்டுப் பின்கண்ணாடியில் மோதித் திரும்பி வருகிறது. டென்னிஸில் கைவிட்டுப் போன பந்து, பேடலில் இரண்டாம் வாய்ப்பாக நம்மிடமே திரும்புகிறது. ஓடமுடியாதவர் காத்திருக்கலாம், வேகமாக அடிக்கத் தெரியாதவர் உயரத் தூக்கியடித்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளலாம், ஆண்டுக்கணக்கில் ஆடியவர் சுவரின் கோணத்தைப் படித்து வெல்லலாம். வலிமையைவிடப் பொறுமைக்கும், தனித்திறனைவிட இணையோடு சேர்ந்து நகர்வதற்கும் இதில் மதிப்பு அதிகம்.

இன்னொன்றும் உண்டு. பேடல் பெரும்பாலும் இரட்டையர் ஆட்டமாகவே ஆடப்படுகிறது. ஆட வேண்டுமென்றால் நான்கு பேர் வேண்டும். இதை வசதிக் குறைவாகக் கருதுவோர் உண்டு. என் அனுபவத்தில் இதுவே இவ்விளையாட்டின் பெரும் பேறு. மூவர் இருந்தால் நான்காமவரைத் தேடியாக வேண்டும். அந்த நான்காமவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவராக இருப்பார். எங்கள் மன்றத்தின் பொது நேரத்தில் இதுதான் நடந்தது. வருகிறவர்கள் மட்டைகளை ஆடுகள வாசலில் வரிசையாகச் சாய்த்துவைப்பார்கள்; முதல் நான்கு மட்டைகளுக்கு உரியவர்கள் களமிறங்குவார்கள்; ஒரு செட் முடிந்ததும் வென்றவர், தோற்றவர் எல்லோரும் வெளியேறி வரிசையின் கடைசிக்குப் போவார்கள். யார் யாரோடு ஆடுவது என்பதை எவரும் தீர்மானிப்பதில்லை. இரவுப் பணிக்குப் போகும் முன் ஒரு செட் ஆட வரும் மருத்துவமனை ஊழியரும், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெல்ல ஆடத் தொடங்கிய முதியவரும், போட்டிகளில் பங்கேற்கும் கல்லூரி மாணவியும், முதன்முறையாக மட்டையைப் பிடிக்கும் ஒருவரும் ஒரே களத்தில் நிற்பார்கள். கைகுலுக்கிப் பெயர் கேட்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். நான் இவ்விளையாட்டைக் கற்றதே இந்த வரிசையில் நின்றுதான். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பந்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர், கட்டணம் வாங்கிய பயிற்சியாளர் அல்லர். எனக்குப் பின்னால் மட்டையைச் சாய்த்திருந்த, என் தந்தை வயதொத்த ஒருவர்.

இந்த நேரம் போன பிறகு என்ன நடந்தது என்பதையும் நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செயலியில் முன்பதிவு செய்ய மூன்று துணைவர்கள் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். அல்லது அந்நியர்களின் ஆட்டம் ஒன்றில் இடம் கேட்டுச் சேர வேண்டும். அப்படிச் சேரும் இடத்தில் தரநிலை எண் குறுக்கே நிற்கிறது. பரவலாகப் பயன்படும் செயலிகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்படுகிறது. வெற்றி தோல்விகளைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். ஆட்டத்தைத் தொடங்குபவர் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை உள்ளவர்களே சேரலாம் என்று வரம்பு வைக்கலாம். சமபலமுள்ளவர்கள் சேர்ந்தாடுவதில் தவறில்லை. நானும் அத்தகைய ஆட்டங்களை விரும்புகிறவன்தான். ஆனால் மாலை நேரம் முழுவதும் இந்த வரம்புகளுக்குள் அடைபட்டுவிட்டால், எண் இல்லாத புதியவருக்கு எங்கே இடம்? தம்மைவிடக் குறைந்த எண் உள்ளவரோடு ஆடித் தோற்றால் தம் எண் இறங்கும் என்பதால், அத்தகையவரைத் தவிர்க்கும் பழக்கம் எங்கள் மன்றத்தில் வெகுவிரைவில் வேரூன்றியது. முன்பு தயங்காமல் புதியவருக்குத் துணையாக நின்றவர்களே இப்போது அவர்களுடைய எண்ணைப் பார்த்துவிட்டு ஒதுங்குகிறார்கள். அந்த முதியவர் வருவதை நிறுத்திவிட்டார். மருத்துவமனை ஊழியரின் பணிநேரம் வாரந்தோறும் மாறுவதால், பல நாள் முன்னதாகக் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்ய அவரால் முடியவில்லை, அவரும் வருவதில்லை. சிறுவர் பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். ஆடுகளங்கள் மட்டும் நிறைந்தே இருக்கின்றன. உங்களுக்கு வந்துசேரும் அறிக்கையில் எங்கள் மன்றம் வெற்றி பெற்ற மன்றமாகவே காட்சியளிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உலக அளவில் நீங்கள் வெளியிடும் எண்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடுபவர்களின் தொகை சில ஆண்டுகளுக்கு முன் இரண்டரைக் கோடி என்று மதிப்பிடப்பட்டது. பிறகு மூன்று கோடி என்று உயர்த்தப்பட்டது. ஆடுகளங்களின் தொகை 50,000ஐத் தாண்டிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. 1991இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கூட்டமைப்பு இன்று எல்லாக் கண்டங்களிலும் உறுப்பு நாடுகளைக் கொண்டிருக்கிறது. 2022இல், பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் நடக்கும் பாரிஸின் ரோலான் காரோ வளாகத்திலேயே பேடல் போட்டி நடந்தது. 2023இல் போலந்தின் கிராக்கோவில் நடைபெற்ற, பல விளையாட்டுகள் அடங்கிய ஐரோப்பிய விளையாட்டுப் போட்டிகளில் பேடல் இடம்பெற்றது. ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டிருந்த தொழில்முறைச் சுற்றுகள், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான போட்டித் தொடர்கள், 2024இல் ஒன்றாகின. ஒலிம்பிக்கில் இடம்பெற வேண்டும் என்ற நோக்கமும் வெளிப்படையாகப் பேசப்படுகிறது. இவை எல்லாம் எனக்கும் பெருமை தருபவை. ஆனால், எத்தனை ஆடுகளங்கள் என்று கேட்பவர்கள், அந்த ஆடுகளங்களில் ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம், துணைவர் இல்லாமலும் உறுப்பினர் அட்டை இல்லாமலும் வருகிறவருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை பேர் ஆடினார்கள் என்று கேட்பவர்கள், சென்ற ஆண்டு முதன்முதலாக ஆடியவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் ஆடுகிறார்கள் என்று கேட்டும் நான் பார்த்ததில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. அர்ஜென்டினாவில் 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பேடல் மோகம் நாடெங்கும் பரவி, மூலைக்கு மூலை ஆடுகளங்கள் எழுந்தன. பிறகு அவற்றில் பல மூடப்பட்டன. மீண்டும் எழுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அண்மைக்கால எடுத்துக்காட்டு ஸ்வீடன். பெருந்தொற்றுக் காலத்தில் அங்கே பேடலுக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு முதலீடு வெள்ளமாகப் பாய்ந்தது. கிடங்குகளும் தொழிற்கூடங்களும் பேடல் அரங்குகளாயின. ஓரிரு ஆண்டுகளுக்குள் ஆடுபவர்களின் தேவையைவிட ஆடுகளங்கள் மிகுந்துபோயின. மின்கட்டணமும் வட்டியும் ஏறின. பெரிய நிறுவனங்கள் உட்படப் பலவும் நொடித்துப்போய் அரங்குகள் மூடப்பட்டன. அங்கே மக்களுக்குப் பேடல் பிடிக்காமல் போகவில்லை, இன்றும் ஆடுகிறார்கள். ஆனால் ஆடுகளம் கட்டும் வேகத்தையே வளர்ச்சி என்று எல்லோரும் சேர்ந்து நம்பியதன் விலையை, அந்த அரங்குகளில் பணியாற்றிய பயிற்சியாளர்களும் முன்பணம் கட்டிய உறுப்பினர்களும் கொடுக்க நேர்ந்தது.

இதற்கு மாறாக, ஸ்பெயினில் இவ்விளையாட்டு ஏன் நிலைத்தது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அங்கே தனியார் மன்றங்கள் மட்டும் இல்லை. உள்ளாட்சிகள் நடத்தும் விளையாட்டு வளாகங்களில் பேடல் களங்கள் உள்ளன; அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது இடத்தில், நீச்சல் குளத்தின் அருகே, குடியிருப்போருக்குப் பொதுவான களம் இருக்கிறது. சிறுவர்கள் பெரியவர்களின் ஆட்டத்தைக் கம்பிவலைக்கு வெளியே நின்று பார்த்து, அவர்கள் ஓய்வெடுக்கும் இடைவேளையில் உள்ளே புகுந்து கற்றுக்கொள்ள முடிகிறது. இலாபம் தேடும் மன்றங்களும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. அங்கே கற்றுக்கொண்டவர்களே பின்னர் கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களாகிறார்கள். இப்போது புதிதாகப் பேடல் நுழையும் நாடுகள் பலவற்றில் அடித்தளத்தைக் கட்டாமல் மேல்மாடியை மட்டும் கட்டுகிறோம். ஆங்காங்கே, பொதுப் பூங்காவில் எவரும் ஆடலாம் என்றிருந்த பழைய டென்னிஸ் களங்களை அகற்றி, அந்த இடத்தில் கட்டணப் பேடல் களங்கள் எழுப்பப்படுவதும் நடக்கிறது. ஒரு டென்னிஸ் களத்தின் சுற்றிடத்தில் இரண்டு, சில வேளைகளில் மூன்று பேடல் களங்கள் அடங்கும் என்பது கணக்கில் இலாபகரமானது. ஆனால் முன்பு கட்டணமின்றி ஆடிய இடத்தை இழந்தவர்களின் மனக்கசப்பு பேடலின் மீதே விழுகிறது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இதனோடு தொடர்பில்லாததாகத் தோன்றினாலும் முடிவில் இங்கேதான் வந்து சேர்கிறது. நரம்பில்லாத கெட்டி மட்டையில் பந்து படும் ஒலி, டென்னிஸ் ஒலியைப் போலக் குழைவானது அல்ல. திடீரென்று வெடித்து அடங்குவது. அதோடு கண்ணாடியின் ஒலியும், கம்பிவலையின் அதிர்வும், சிறிய இடத்தில் நான்கு பேர் இடும் கூச்சலும் சேர்கின்றன. அருகில் குடியிருப்பவர்களுக்கு இது உண்மையான துன்பம். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் குடியிருப்போர் முறையிட்டு, அனுமதி மறுக்கப்பட்ட அல்லது ஆடும் நேரம் குறைக்கப்பட்ட நிகழ்வுகள் பல. நான் அந்தக் குடியிருப்போரின் பக்கமே நிற்கிறேன். படுக்கையறைச் சன்னலுக்கு அருகே ஆடுகளத்தை அமைத்தது அவர்களின் பிழை அன்று. இடத்தேர்வில் காட்டும் அவசரம் பின்னாளில் நேரக் கட்டுப்பாடாக வந்து சேர்கிறது. எங்கள் மன்றத்திலும் இரவு ஆட்டத்துக்கு வரம்பு வந்தது. நேரம் சுருங்கியவுடன் மன்றம் முதலில் வெட்டியது, வருமானம் குறைந்த பொது நேரத்தைத்தான். ஆடுகளம் எங்கே அமையலாம், வீடுகளிலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும், எத்தகைய ஒலித்தடுப்பு வேண்டும் என்பதற்குக் கட்டாயமான நெறிமுறை தொடக்கத்திலேயே இருந்திருந்தால், அண்டை வீட்டாருக்கும் நிம்மதி இருந்திருக்கும், பொது நேரத்துக்கும் இடம் இருந்திருக்கும். கண்ணாடியின் தடிமனுக்கும் வலையின் உயரத்துக்கும் இலக்கம் வகுத்த கூட்டமைப்புகள், இதை மட்டும் ஒவ்வொரு நகராட்சியின் தனிப்பொறுப்பாக விட்டுவிடுவது ஏற்கத்தக்கதல்ல.

மன்ற உரிமையாளர்களின் நிலையை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடினப்படுத்திய கண்ணாடி, எஃகுச் சட்டகம், செயற்கைப் புல், விளக்குகள், கூரை, நிலத்தின் வாடகை ஆகிய அனைத்துக்கும் கடன் வாங்கியிருக்கிறீர்கள். வேலைநாள் பகலில் களங்கள் வெறிச்சோடிக் கிடக்க, மாலையின் மூன்று நான்கு மணி நேரத்தில்தான் அந்தக் கடனை அடைக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு களத்தைக் குறைந்த கட்டணத்துக்கு விடுவது நேரடி இழப்பு என்பது உண்மை. ஆயினும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இன்று மாலை நேரங்களை நிரப்பும் உங்கள் உறுப்பினர்கள் எங்கே ஆடக் கற்றார்கள் என்று ஒருமுறை அவர்களிடமே விசாரித்துப் பாருங்கள். எங்கள் மன்றத்தில் நான் விசாரித்தவரை, பெரும்பாலோர் யாரோ ஒருவர் நான்காமவராக வரும்படி அழைத்ததால் வந்தவர்கள், அல்லது அந்த மட்டை வரிசையில் நின்று கற்றவர்கள். விளம்பரத்தைப் பார்த்து வந்து நிலைத்தவர்கள் மிகச் சிலர். அந்த வழியை அடைத்துவிட்டால், இன்றுள்ளவர்கள் காயத்தாலும் வயதாலும் இடமாற்றத்தாலும் விலகும்போது, அவர்களின் இடத்துக்கு வர எவரும் ஆயத்தமாக இருக்கமாட்டார்கள். புதிய மன்றம் ஒன்று அருகில் திறக்கும் நாளில் அது உங்களுக்குத் தெரியவரும். அப்போது இரு மன்றங்களும் ஒரே சிறு கூட்டத்துக்காகக் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிடும்.

இலவசமாகக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. எங்கள் மனுவிலேயே, பொது நேரத்துக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்டிருந்தோம். ஒரு செட்டுக்கு நால்வர் என்று மாறிமாறி ஆடும்போது, ஒரே மணி நேரத்தில் எட்டுப் பேரோ அதற்கு மேலோ ஒரு களத்தைப் பயன்படுத்துகிறார்கள். தலைக்குக் குறைவாக வாங்கினாலும் மொத்தத்தில் மன்றத்துக்கு இழப்பு பெரிதாக இராது. புதியவர்களுக்கு உதவ, எங்களில் அனுபவமுள்ளவர்கள் முறைவைத்து வந்து நிற்கவும் முன்வந்தோம். இந்த முன்மொழிவு பரிசீலிக்கப்பட்டு மறுக்கப்பட்டிருந்தால்கூட இத்தனை வருத்தம் இராது. படிக்கப்படவே இல்லை என்பதுதான் என்னை எழுதவைத்தது.

எனவே, கூட்டமைப்புகளின் பொறுப்பாளர்களிடம் முதலில் வேண்டுவது இது. ஆண்டுதோறும் வெளியிடும் வளர்ச்சி அறிக்கையில் ஆடுகளங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, பொதுவில் திறந்திருந்த மணி நேரங்களையும், பள்ளி நேரத்துக்கு வெளியே சிறுவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மணி நேரங்களையும், முதலாண்டு ஆட்டக்காரர்களில் தொடர்ந்து ஆடுவோரின் விகிதத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். முன்பதிவுகள் அனைத்தும் செயலிகளின் வழியே நடக்கும் இக்காலத்தில் இந்தத் தரவுகளைத் திரட்டுவது கடினம் அல்ல. ஆட்டக்காரர்களின் பெயர் விவரம் எதுவும் தேவைப்படாது. எண்கள் வெளியே வந்தால் மன்றங்களின் நடைமுறையும் மாறத் தொடங்கும்.

உங்கள் அங்கீகாரத்தையும் போட்டி நடத்தும் உரிமையையும் பெற விரும்பும் ஒவ்வொரு மன்றமும், வாரத்தில் குறைந்தது ஒரு மாலையும் ஒரு வார இறுதிக் காலையும், குறைந்தது ஒரு களத்தையாவது முன்பதிவும் தரநிலை வரம்பும் இன்றிப் பொதுநேரமாக நடத்த வேண்டும் என்று விதி வகுத்திடுங்கள். சிறிய மன்றங்களுக்கு இது சுமையாகுமானால், தொழில்முறைச் சுற்றின் வருவாயிலிருந்து ஒரு பங்கை அவற்றுக்கு மானியமாக வழங்குங்கள். உச்சியில் குவியும் பணத்தின் ஒரு பகுதி அடிக்கு இறங்கி வருவது நியாயமே. உள்ளாட்சிகளோடும் பள்ளிகளோடும் சேர்ந்து பொதுக் களங்கள் அமைக்கும் திட்டத்துக்கும் அந்த நிதியிலிருந்தே ஒதுக்குங்கள். இருக்கின்ற இலவச விளையாட்டிடத்தை அகற்றி அமைக்கப்படும் களங்களுக்கு, அதற்கு ஈடான பொது நேரம் உறுதிசெய்யப்படும் வரை அங்கீகாரம் வழங்காதீர்கள்.

குடியிருப்புகளிலிருந்து விலக வேண்டிய தூரம், ஒலியளவு, இரவு நேரம் ஆகியவற்றுக்கான கட்டாய நெறிமுறையை, ஒலியியல் வல்லுநர்களையும் குடியிருப்போரின் பிரதிநிதிகளையும் சேர்த்து உருவாக்குங்கள். கண்ணாடிக்கும் வலைக்கும் உள்ள விதிகளோடு அதுவும் ஒரு விதியாக இருக்கட்டும். தரநிலை எண்ணைப் பொறுத்தவரை, செயலிகளை நடத்துவோரோடு பேசி, எண் பாதிக்கப்படாத நட்பாட்டமே இயல்புநிலையாகவும், எண்ணுக்காக ஆடும் ஆட்டம் விரும்பித் தேர்வதாகவும் இருக்கும்படி மாற்றச் செய்யுங்கள்.

மன்ற உரிமையாளர்களிடம் கேட்பது இதைவிட எளியது. சிறுவர் பயிற்சியைச் சிறுவர்கள் வரக்கூடிய நேரத்துக்கு மாற்றுங்கள். நிறுத்திய பொது நேரத்தை, கட்டணம் வைத்தேனும், மூன்று மாதங்களுக்குச் சோதனையாக மீண்டும் நடத்திப் பாருங்கள். அதன் வரவுசெலவை உறுப்பினர்கள் முன் வையுங்கள். முடிவை அதன் பிறகு எடுங்கள். உறுப்பினர்கள் கையொப்பமிட்டு மனு அளித்தால், ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்தோடு எழுத்தில் பதில் தாருங்கள்.

எங்கள் பகுதியின் மேற்பார்வை அமைப்புக்கு நாங்கள் அனுப்பிய மனு இன்னும் பதிலுக்காக நிலுவையில் இருப்பதாகவே கருதுகிறோம். அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை இறுதியாகும் முன்னர், பொது நேரம், சிறுவர் பயிற்சி ஆகிய இரண்டைப் பற்றி மட்டுமாவது நேரடியான பதிலை எதிர்பார்க்கிறோம். நேரில் வந்து விளக்கவும், பொது நேரத்தை நடத்தும் பொறுப்பை ஏற்கவும் நானும் மனுவில் கையொப்பமிட்ட மற்றவர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
பொது நேரத்தில் பேடல் கற்ற ஓர் ஆட்டக்காரர்